ஒப்பிலானில் ஈடு

விடியுமுன் வலைச்சட்டத்தை மேலேற்றுவார்கள்.
கடலை உறிஞ்சும் குழாயின் வாயில்
இரவெல்லாம் ஒட்டிக் கிடந்ததை
நீலத் தொட்டியில் தட்டுவார்கள்.
எண்ணுவது என் வேலை.

ஓராக் குஞ்சு நூற்றுப் பதினொன்று.
காரல், எடை மட்டும்.
கணவாய் இரண்டு; ஒன்று இன்னும் மை கக்குகிறது,
பிளாஸ்டிக் தொட்டியில் யாரிடமிருந்து ஒளிய?
கடல் குதிரை ஒன்று. அதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும்.
கிடைத்ததை வாலால் பிடித்துக்கொள்வதுதான்
அதற்குத் தெரிந்த ஒரே பிழைப்பு.
வலைக்கண்ணைப் பிடித்திருந்தது.

படிவத்தின் கடைசிக் கட்டம்: ஈடு.
அதை நான் நிரப்புவதில்லை.
ராமநாதபுரத்தில் ஒரு கணினி நிரப்பும்,
இத்தனை ஓராவுக்கு இத்தனை சதுர மீட்டர் கடற்புல்,
இத்தனை கணவாய்க்கு இத்தனை சிமென்ட் கூண்டு என்று.
உதவிப் பொறியாளர் வெள்ளைச்சாமி
மதரசா வளாகத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்:
“எடுத்ததுக்கு மேலேயே வைப்போம்.
ஒன்றுக்கு ஒன்றே கால்.”
பின்வரிசையிலிருந்து ஜெய்லானி:
“மீனுக்கு ஏது சார் கால்?”
அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.
மினிட் புத்தகத்தில் அந்தக் கேள்வி ஏறவில்லை.

பழி சொல்ல எனக்கு வாயில்லை.
வாயில் இருப்பது அந்தத் தண்ணீர்தான்.
போன சித்திரை வரை தள்ளுவண்டியில் எட்டுக் குடம்,
ஊற்றுக் குழிக்குள் இறங்கிச் சிரட்டையால் வழித்து,
ஏறும்போது பாதி மண்ணாக.
வலது தோள் இன்னமும் ராத்திரியில் பேசும்.
இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்
வாசலிலேயே நாற்பது நிமிடம்.
ஒரு குடத்துக்கு எத்தனை ஓரா என்று
ஒரே ஒருமுறை வகுத்துப் பார்த்தேன்.
புள்ளிக்குப் பின் வந்த சுழியங்கள் ஆறுதலாக இருந்தன.
அதற்குப் பிறகும் எண் வந்துகொண்டே இருந்தது.
மூடிவைத்தேன்.

புல் நடுகிறவர் சீனி இபுறாகிம்.
முன்பு சங்கு குளித்தவர்,
இப்போது ஒப்பந்தத்தில் முங்குகிறார்.
குழாய்ச் சட்டத்தில் சணல் கட்டி, சணலில் நாற்றைக் கட்டி
வரைபடம் காட்டிய இடத்தில் இறக்கினார்.
“அங்க நீவாடு இழுக்கும்” என்றுதான் சொன்னார் முதலிலேயே.
ஆழம் இருந்தது வரைபடத்தில், வெளிச்சம் இருந்தது,
நீவாட்டுக்கு அதில் நிறம் இல்லை.
ஆடியில் கச்சான் புரட்டியதில்
பாதிப் புல் போய்விட்டது. சணல் மட்டும்
நட்ட நினைப்பில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குதிரைக்கு உயிர் இருந்தது.
செத்ததோ பிழைத்ததோ, வலையில் வந்தால் இழப்பு; அது விதி.
எழுதிவிட்டேன். எழுதிய பிறகு
ஒரு வாளியில் கடல் மொண்டு அதை விட்டு
இபுறாகிமிடம் கொடுத்தேன்.
போகிற வழியில் எங்காவது விடுங்கள் காக்கா.
கொண்டையில் ஒரு முள் ஒடிந்திருந்தது.

மூன்றாம் வாரம் அலுவலகமே அந்த வீடியோவைப் பார்த்தது.
சணலைச் சுற்றிய வால். சற்றே சாய்ந்த தலை.
வெள்ளைச்சாமி கைதட்டினார். “உயிர் திரும்புது பாருங்க.”
வரவுப் பக்கத்தில் ஒன்று ஏறியது,
அதுவும் சிவப்பு மையில்.
ஒடிந்த முள்ளை நான் பார்த்தேன்;
பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன், நீர் கலங்கலாக இருந்தது.
இபுறாகிம் என்னைப் பார்க்காமல்
முகக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செலவிலும் அது, வரவிலும் அது.
ஒரு குதிரை தனக்குத் தானே ஈடாகி
சணலில் தொங்குகிறது,
புல் எங்கே என்று கேட்காமல்.

சொல்லலாம். சொன்னால்
படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்ப்பார்கள்.

இன்றைக்கு ஓரா தொண்ணூற்றாறு.
குறைந்திருக்கிறது என்று மகிழ்வார்கள்.
வலைக்குக் குறைந்ததா, கடலுக்கே குறைந்ததா?
என் பேனாவுக்குத் தெரியாது.
இடம்: ஒப்பிலான்.
அதற்கு நேர் கீழே ஒப்பம்: கமருன்னிசா.

போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து.
“தண்ணி விட்டுட்டாக, குடம் எங்க வச்ச?”